யாருடைய வினை?

சேலம் அம்மாபேட்டையின் பழைய நெசவுத் தெருக்கள் பலவற்றில் ஒரு மினி லாரி நுழைந்தால், எதிரே வரும் சைக்கிள்காரர் திண்ணையோரம் ஒதுங்கத்தான் வேண்டும். இந்தத் தெருக்களில் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ பள்ளம் தோண்டி மூடும்போதும், பேவர் பிளாக் கல் பதிக்கும்போதும் பெரிய ரோலர் உள்ளே வர வழியில்லை. வருவது பிளேட் காம்பாக்டர். ஒரே ஆள் பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்தபடி நடக்க, அடியிலுள்ள இரும்புத் தட்டு மண்ணை அடித்து அடித்து இறுக்கும். ஒரு காலத்தில் திமிசுக்கட்டையோடு நாலைந்து பேர் நாள் முழுக்க இடித்த வேலை அது. ஆயுத பூஜையன்று தறிக்குப் பொட்டு வைக்கும் ஊரில் இந்த மிஷினுக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம் உண்டு. கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும்.

இப்படிப்பட்ட மிஷின் ஒருவர் பாதத்தின்மேல் ஏறிவிட்டால், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வந்து சேருவதற்குள் காரணமும் சொல்லப்பட்டுவிடும். "அவன் நேரம் அப்படிங்க." "தலையெழுத்து, நாம என்ன பண்ண முடியும்?" சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. உண்மையான வருத்தத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு விழுந்த இடத்தில் விசாரணை நின்றுபோகிறது. மறுநாள் காலை இன்னொரு இளைஞர் அதே மிஷினை, அதே ரப்பர் செருப்போடு பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

விதி என்பது சமயம் தந்த கருத்து. அதனால் அதைச் சமயங்களின் முன்னாலேயே நிறுத்திக் கேட்கலாம். வேலையிடத்தில் நசுங்கிய ஒரு காலுக்கு விதியைக் காரணம் காட்ட நம் மரபு இடம் தருகிறதா?

முதலில் மிஷினைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது காயப்படுத்தும் விதத்தில் மர்மம் எதுவும் இல்லை. தெரு வேலைக்கு வருவதன் எடை 80 முதல் 100 கிலோ. மேலே 5 குதிரைத்திறன் அளவில் ஒரு பெட்ரோல் எஞ்சின். அதிலிருந்து பெல்ட் வழியாக, தட்டின் மேலுள்ள ஒரு தண்டு சுழலும். அந்தத் தண்டில் கனம் ஒரு பக்கமாகவே இருக்கும். அது நிமிடத்துக்கு 5,000 தடவைக்கு மேல் சுழலும்போது தட்டு துள்ளித் துள்ளி, ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு மண்ணில் இறங்குகிறது. தண்டு தட்டின் முன்பக்கம் இருப்பதால் மிஷின் தானாகவே முன்னோக்கி ஊர்ந்து போகும். பிடிப்பவர் தள்ள வேண்டியதில்லை, திசை காட்டினால் போதும். ஆனால் சாதாரண வகை மிஷின் பின்னால் வராது. குறுகிய சந்தில் சுவர் வந்ததும், ஓடுகிற மிஷினை அப்படியே தன் பக்கம் இழுத்துத் திருப்பக் கை பரபரக்கும். பாதம் தட்டுக்கடியில் போகும் நேரம் அதுதான். ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் கிளட்ச் விலகித் தட்டின் அதிர்வு நின்றுவிடும். குறைத்து, நிறுத்தி, பிறகு திருப்ப அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை ஆப்பரேட்டருக்குத் தருவதும் மறுப்பதும் மேஸ்திரியின் அவசரம். பாதத்துக்கும் தட்டுக்கும் நடுவே இரும்பு முனை வைத்த பூட்ஸ் இருக்கிறதா, செருப்பு இருக்கிறதா என்பது காண்டிராக்டரின் பணப்பை.

சரிவில் வேலை செய்யும்போது மேட்டுப் பக்கம் நின்று பிடிக்க வேண்டும், பள்ளப் பக்கம் நின்றால் மிஷின் ஆள்மேல் சாயும். இறுகிப்போன கான்கிரீட் மேல் ஓட்டினால் தட்டு எகிறும். பதித்த பேவர் பிளாக் மேல் ஓட்டும்போது தட்டுக்கடியில் ரப்பர் விரிப்பு மாட்டாவிட்டால் கல் சிதறித் தெறிக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கையில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. பெல்ட்டின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது. பள்ளத்துக்குள் இறக்கி ஓட்டினால் எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அங்கேயே தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தலை கிறுகிறுத்த பிறகுதான் தெரியும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தின் பக்கச்சுவருக்குப் பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அதிர்வு வேறு அந்தச் சுவரைத் தளர்த்துகிறது. இவை எல்லாமே முன்கூட்டியே தெரிந்தவை. பெரும்பாலானவை மிஷினோடு வரும் கையேட்டின் முதல் சில பக்கங்களிலேயே இருப்பவை.

மெதுவாக வரும் காயம் இன்னொன்று உண்டு. கைப்பிடி வழியே ஏறும் அதிர்வு விரல்களின் நரம்பையும் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் வருஷக்கணக்கில் சிதைக்கும். 1911-இல் இத்தாலிய மருத்துவர் ஜியோவான்னி லோரிகா, காற்றுச் சுத்தியல் பிடிக்கும் கல்தச்சர்களிடம் இதைக் கண்டு எழுதினார். 1918-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் குவாரிகளில் ஆலிஸ் ஹாமில்டன் விரிவாக ஆராய்ந்தார். குளிரில் விரல்நுனி வெளுத்துச் சவம்போல் ஆவதுதான் அதன் பிரபலமான அடையாளம். சேலத்து வெயிலில் அந்த வெளுப்பு எளிதில் தெரியாது. ஏற்காட்டில் மார்கழிக் காலையில் வேலை பார்ப்பவருக்கு வேண்டுமானால் தெரியலாம். இங்கே முதலில் வருவது மரத்துப்போதல். சட்டைப் பொத்தான் போட விரல் பிடிகொடுக்காது, கையிலிருந்து டம்ளர் நழுவும். வயசு, சத்துக்குறைவு, கிரகம் என்று எதன்மேலாவது பழி போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இந்த அதிர்வுக்கு அளவு வகுத்தது. ஒரு நாள் வேலைக்குச் சராசரியாக 2.5 அலகு வந்தால் நடவடிக்கை தொடங்க வேண்டும், 5 அலகு உச்சவரம்பு. தேய்ந்த ரப்பர் தாங்கிகளோடு ஒரு கைப்பிடி 10 அலகு அதிர்ந்தால், 30 நிமிடத்தில் முதல் கோட்டையும் 2 மணி நேரத்தில் உச்சவரம்பையும் தொட்டுவிடும். காதின் கதையும் இதுவே. 85 டெசிபெல் சத்தத்தை 8 மணி நேரம் தாங்கலாம் என்று கணக்கிடும் அமெரிக்கத் தொழில்நல நிறுவனம், 100 டெசிபெலுக்கு அனுமதிப்பது 15 நிமிடம்.

இங்கேதான் விதி என்ற பேச்சு பிறக்கும் இடம் பிடிபடுகிறது. காரணத்துக்கும் பலனுக்கும் நடுவே பத்து வருஷம் ஓடிவிட்டால், காரணம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. பலன் மட்டும் கையில் நிற்கிறது. காரணம் தெரியாத பலனுக்கு வைக்கப் பழகிய பெயர்தான் தலையெழுத்து.

எல்லாம் விதிப்படிதான், மனித முயற்சியால் ஒன்றும் மாறாது என்பதைத் தயங்காமல் சொன்ன ஒரு மதம் இந்தியாவில் உண்மையாகவே இருந்தது. மற்கலி கோசாலரின் ஆசீவகம். எறிந்த நூலுருண்டை நூல் தீரும்வரை உருண்டு அவிழ்வதுபோல உயிர்கள் தம் பிறவிகளை ஓடி முடிக்கும், நடுவில் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று அவர் போதித்ததாகப் பௌத்த நூல்கள் பதிவு செய்கின்றன. வடக்கே மங்கிய பிறகும் தமிழகத்தில் அந்த மதம் பல நூற்றாண்டுகள் உயிரோடிருந்தது. மணிமேகலை தன் சமய விசாரணையில் ஓர் ஆசீவகரின் உரையையும் கேட்கிறாள். நீலகேசியில் ஆசீவகரோடு வாதிடவே ஒரு சருக்கம் இருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கமும் அவர்களை மறுக்கிறது. சமணரும் பௌத்தரும் சைவரும் தங்களுக்குள் ஓயாமல் சண்டையிட்டவர்கள். ஆசீவகரின் நியதிக் கொள்கையை மறுப்பதில் மட்டும் மூவரும் ஒரே பக்கம் நின்றார்கள். வேலையிடத்தில் 'விதி' என்று சொல்பவர், தான் எந்தச் சமயத்தவர் என்று நினைத்தாலும், அந்த நொடியில் ஆசீவகராகவே பேசுகிறார்.

அவரிடம் கேட்கவேண்டிய கேள்வியைச் சமண ஆகமமான உவாசகதசாவோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டுவைத்திருக்கிறது. சத்தாலபுத்தர் என்ற குயவர், ஆசீவகத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர், வசதியானவர். அவருடைய பட்டறையில் காயவைத்திருந்த பானைகளைக் காட்டி, இவை முயற்சியால் உண்டானவையா, முயற்சி இல்லாமலா என்று மகாவீரர் கேட்கிறார். எல்லாம் முன்பே நிர்ணயமானது, முயற்சி என்று ஒன்றில்லை என்கிறார் குயவர். யாராவது வந்து உன் பானைகளைத் திருடினால், உடைத்தால், உன் மனைவியிடம் அத்துமீறினால் என்ன செய்வாய்? அடிப்பேன், கட்டிவைப்பேன், கொல்லவும் செய்வேன் என்கிறார் சத்தாலபுத்தர். அப்படியானால் திருடியவனும் உடைத்தவனும் எதையும் செய்யவில்லையே, எல்லாம் நியதிதானே, ஏன் அடிக்கிறாய்? குயவரிடம் பதில் இல்லை.

இந்த உரையாடலை அம்மாபேட்டையின் ஒரு தெருவில் நிறுத்திப் பார்த்தால் அதன் கூர்மை தெரியும். இரவில் மிஷின் திருட்டுப் போனால் காண்டிராக்டர் 'விதி' என்று உட்காரமாட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார், யார் காவலுக்கு இருந்தது, எங்கே பூட்டினார்கள், பக்கத்து வீட்டில் கேமரா இருக்கிறதா என்று விசாரிப்பார். அதே மிஷின் ஒருவர் கால்விரல்களை நசுக்கினால் மட்டும் விசாரணைக்குப் பதிலாகத் தத்துவம் வருகிறது. பொருளுக்குக் காரணம் தேடும் மனம், கூலிக்காரரின் உடம்புக்குக் கர்மாவைத் தேடுகிறது. விதிமேல் வைத்த நம்பிக்கையைவிட, யாருடைய இழப்பு கணக்கில் சேரும் என்ற தீர்மானமே இதில் அதிகம் தெரிகிறது.

புத்தரிடம் இந்தக் கேள்விக்கு இன்னும் நேரான பதில் இருக்கிறது. அவர் சேலத்துக்கு அந்நியரும் அல்ல. கோட்டைச் சாலைப் பகுதியில், பெரியேரியில், தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் வணங்கிவந்த கற்சிலை புத்தருடையதே என்று தொல்லியல் துறையின் ஆய்வறிக்கையை ஏற்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் புத்தரிடம் சீவகன் என்ற துறவி வந்து, மனிதர் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாமே முன்வினைப் பயன் என்று சிலர் சொல்கிறார்களே, சரியா என்று கேட்டதாகச் சம்யுத்த நிகாயத்தில் ஒரு சூத்திரம் உண்டு. புத்தர் எட்டுக் காரணங்களைப் பட்டியலிடுகிறார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் சேர்க்கை, பருவ மாற்றம், முறைதவறிக் கவனமில்லாமல் நடந்துகொள்வது, பிறர் தரும் அடி, கடைசியாக முன்வினை. எட்டில் ஒன்றுதான் கர்மம். மற்றவற்றைத் தானே அனுபவத்தில் அறியலாம், உலகமும் ஒப்புக்கொள்கிறது, எல்லாவற்றையும் கர்மத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் அறிந்ததைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்கிறார். மறுபிறவியையும் வினையையும் ஏற்ற ஒருவர், கவனக்குறைவுக்குத் தனி இடம் ஒதுக்கி வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை.

ஆனாலும் அடிபட்டவரின் வீட்டில் எழும் கேள்வி வேறு மாதிரியானது. பத்துப் பேர் அந்த மிஷினைப் பிடித்தார்கள், ஏன் இவனுக்கு? ஏன் இன்றைக்கு? இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளுவது நியாயமில்லை. மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்டு 1937-இல் வெளியிட்ட நூலில் தெற்கு சூடானின் அசாண்டே மக்களைப் பற்றி எழுதுகிறார். தானியக் குதிர் சரிந்து அதன் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் அடிபட்டால், கால்களைக் கறையான் அரித்ததால்தான் சரிந்தது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இவர்கள் உட்கார்ந்திருந்தபோது ஏன் சரிய வேண்டும் என்பதற்கே சூனியத்தைக் காரணம் சொல்வார்கள். எப்படி என்பதும் ஏன் எனக்கு என்பதும் இரண்டு கேள்விகள். இரண்டாவதற்குப் பொறியியலில் பதில் இல்லை. ஓர் அம்மா கோட்டை மாரியம்மன் முன் நின்று அதைக் கேட்டால், கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மிஷினை வாங்கியவரும் வேலையை மேற்பார்த்தவரும் முதல் கேள்வியிலிருந்து தப்பிக்க இரண்டாவதைப் பிடித்துக்கொள்வது பெரிய அநியாயம்.

லூக்கா நற்செய்தியில் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்லிவிடுகிறார். பழைய ஏற்பாட்டின் உபாகமம் இன்னும் கீழே இறங்கி வேலையிடத்துக்கே வருகிறது. புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை, இல்லாவிட்டால் விழுகிறவனின் ரத்தப்பழி உன் வீட்டின்மேல் என்பது அதன் 22-ஆம் அதிகாரத்தில் உள்ள சட்டம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு என்ற நபிமொழியைத் திர்மிதி தொகுத்திருக்கிறார்.

திருக்குறளில் ஊழ் 38-ஆம் அதிகாரம், அறத்துப்பாலின் கடைசி. பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டி வரும் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில்தான் 54-ஆம் அதிகாரம் பொச்சாவாமை வருகிறது. மறதியும் அசட்டையும் இல்லாதிருத்தல் அதன் பொருள். 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையும் அதே பகுதியில் இருக்கிறது. விழிப்பாக இருப்பது, ஆளை வைத்து வேலை வாங்குபவரின் கடமையாக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. நம் வேலையிடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. 'கவனமா இரு' என்ற அறிவுரை முழுவதும் நாள்கூலிக்கு வந்த இளைஞருக்கே போகிறது. தட்டின் போல்ட் தளர்ந்திருக்கிறதா, ரப்பர் தாங்கி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டியவரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவிக்க எடுத்த பிராரத்தம், இப்போது செய்வதால் புதிதாக ஏறும் ஆகாமியம். கால் நசுங்கியது அந்த ஆளின் பிராரத்தம் என்று ஒருவர் வாதிடலாம். வாதத்துக்கு அதை ஒப்புக்கொண்டாலும், பூட்ஸ் தராமல் அவரை அனுப்பியது யாருடைய செயல்? அது இன்றைக்குச் செய்தது, இன்னொருவர் செய்தது. அவர் கணக்கில் ஆகாமியமாக ஏறத்தான் செய்யும். பிறருடைய தலையெழுத்து நம் கையின் செயலைக் கழுவாது. கர்மக் கொள்கையைக் கடைசிவரை நேர்மையாகப் பின்பற்றினால் அது முதலாளியை விடுவிக்காது, இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

திருவிளையாடற் புராணத்தின் மண் சுமந்த படலம் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் என்று பாண்டியன் ஆணையிட, பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்காகச் சிவனே கூலியாளாக வந்து மண் சுமக்கிறான். பிரம்படி படுகிறான். அடி அரசன் முதுகிலும் நாட்டில் உள்ள எல்லா உயிர்கள் மேலும் விழுகிறது. மண்வேலை செய்யும் கூலியாளின் உடம்பைக் கடவுளின் உடம்பாகவே வைத்துப் பார்த்த ஒரு மரபு, அந்த உடம்புக்கு வரும் காயத்தை அவன் ஒருவனின் தலையெழுத்தாக எப்படிச் சுருக்கும்? மதுரையில் ஆவணி மூலத்தன்று பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா இன்றும் நடக்கிறது.

நீதிமன்றங்களும் ஒரு காலத்தில் தங்களுக்கென்று ஒரு விதியை வைத்திருந்தன. 1837-இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்ற வேலையாளுக்கு, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய முதலாளியின் வண்டி முறிந்து தொடையெலும்பு உடைந்தது. ஆபத்து இருந்தால் வேலைக்காரன் மறுத்திருக்கலாமே என்று நீதிமன்றம் முதலாளியின் பக்கம் நின்றது. பசிக்கிறவன் மறுக்க முடியாது என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 60 வருஷம் ஆனது. 1897-இல் பிரிட்டன் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு அது 1923-இல் வந்தது. வேலையினால், வேலை நேரத்தில் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி பொறுப்பு, தொழிலாளியின் சாதாரணக் கவனப்பிசகு அதைத் தட்டிக்கழிக்கப் போதாது என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் உருவானது. 1996-இல் வந்த மத்தியச் சட்டம் 10 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்த நிறுவனங்களைக் குறிவைத்தது. ஒரு சந்தில் கல் பதிக்கும் குழுவில் பெரும்பாலும் ஆறேழு பேர்தான். துணை ஒப்பந்தம் துணைக்குத் துணை ஒப்பந்தமாகப் பிரியப் பிரிய, அடிபட்டவருக்கு முதலாளி யார் என்பதே கேள்வியாகிவிடுகிறது.

பூஜைக்கும் பாதுகாப்புக்கும் பகை எதுவும் இல்லை. பொட்டு வைக்கும்போது மிஷினைத் துடைக்கிறார்கள், நன்றாக உற்றுப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை தினமும் காலையில் ஐந்து நிமிடம் வேண்டும். எண்ணெய், பெல்ட் மூடி, போல்ட், கைப்பிடியின் ரப்பர், நிறுத்தும் சுவிட்ச் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க அவ்வளவு நேரம் போதும். இரண்டு ஜோடி பூட்ஸ், காதடைப்பான், மிஷினை வண்டியில் ஏற்ற இரண்டாவது ஆள், ஒரு மணி நேரத்துக்கொரு முறை கைமாற்ற இன்னொரு ஆப்பரேட்டர். இவற்றின் விலையும் கூலியும் தெரியாதவை அல்ல. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் பேவர் பிளாக்குக்கும் தனித்தனி வரி போட்டு மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர், இவற்றுக்கும் ஒரு வரி போடலாம். டெண்டரைத் திறப்பவர் அந்த வரி காலியாக இருக்கும் ஒப்பந்தப்புள்ளியைத் திருப்பி அனுப்பலாம். தெருவுக்குக் கல் பதியட்டும் என்று மனுக் கொடுத்த வீட்டுக்காரர்கள், வாசலில் செருப்புக் காலோடு மிஷின் பிடிப்பவரைப் பார்த்தால் வேலையை நிறுத்தி மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.